குங்கிலியம் வந்த வழி

நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் கேட்டால், மங்கிய மஞ்சள் நிறத்தில், விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் பொடியாகும் கட்டிகளை மடித்துத் தருவார்கள். தணலில் இட்டதும் வீடு முழுக்க மணக்கும். இந்தத் தூபத்தையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டிருந்தார் திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார். வறுமை முற்றிய நாளில் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியோடு நெல் வாங்கப் போனவர், எதிர்ப்பட்ட வணிகனிடம் அதைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். கடற்கரை ஊர்களில் இதே பிசினை எண்ணெயோடு காய்ச்சி, மரப்படகின் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் பூசினார்கள்.

குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் என்றொரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவில் தேன் நிறத்தில் அம்பர் கட்டிகள் கிடைக்கின்றன. மண்ணுக்குள் புதைந்து இறுகிய மரப்பிசின்தான் அம்பர். வஸ்தான் அம்பரின் வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதன் வேதியமைப்பை ஆராய்ந்தபோது, இன்றைய குங்கிலிய மரங்களின் பிசினுக்கே உரிய மூலக்கூறுகள் அதில் தெரிந்தன. இமயமலை இன்றைய உயரத்தை எட்டுவதற்கு வெகு காலம் முன்பே இந்த மண்ணில் குங்கிலியம் வடிந்திருக்கிறது.

தாவரவியலார் இந்த மரக்கூட்டத்தை டிப்டெரோகார்பேசி என்ற குடும்பமாக வகுத்திருக்கிறார்கள். நாம் குங்கிலியக் குடும்பம் என்றே சொல்லிக்கொள்ளலாம். 500-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. மத்திய இந்தியாவின் சால், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம், எண்ணெய் மரம், கோங்கு, சுமத்ராவின் கற்பூர மரம், மலேசியாவின் மெராந்தி எல்லாம் இதில் அடங்கும். கருங்குங்கிலியம் தரும் மரம் மட்டும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்கே செஷல்ஸ் தீவிலிருந்து கிழக்கே நியூகினி வரை இக்குடும்பத்தின் ஆசியக் கிளை பரவியிருக்கிறது. நகரவே தெரியாத ஒரு மரம் இத்தனை தொலைவு வந்தது எப்படி என்பதுதான் இந்த வரலாறு.

பறக்காத சிறகு

குங்கிலியக் காய்க்குச் சிறகு உண்டு. பூ உதிர்ந்த பிறகு அதன் புல்லிவட்டத்தின் இதழ்கள் வளர்ந்து நீண்டு சிறகாகின்றன. சில இனங்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று, சிலவற்றில் ஐந்து. அறுபது எழுபது மீட்டர் உயரத்திலிருந்து சுழன்றபடி இறங்கும் அந்தக் காயைப் பார்ப்பவர்கள், காற்று அதை ஊர் தாண்டிக் கொண்டுபோகும் என்று எண்ணிவிடுவார்கள். ஆனால் மழைக்காட்டுக்குள் காற்று குறைவு, காய் கனமானது. பெரும்பாலான விதைகள் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டர்களுக்குள் விழுந்துவிடும். புயற்காற்று கிடைத்தால் சில நூறு மீட்டர் போகலாம். அவ்வளவுதான்.

விழுந்த விதைக்குக் காத்திருக்கவும் தெரியாது. நெல்லையும் கேழ்வரகையும் உலர்த்திக் குதிரில் கொட்டி அடுத்த பருவம் வரை வைக்க முடிகிறது. குங்கிலிய விதை உலர்ந்தால் செத்துவிடும். ஈரம் இருந்தால் சில நாள்களில் முளைக்கும், இல்லையென்றால் சில வாரங்களில் அதன் கதை முடியும். உப்புநீரில் மிதந்து கடல் கடக்கும் திறன் தேங்காய்க்கு உண்டு, இதற்குக் கிடையாது. கனியைத் தின்று கொட்டையைத் தொலைவில் போடும் பறவையும் இதற்கு இல்லை.

இன்னொரு கட்டும் உண்டு. இந்த மரத்தின் வேர்நுனிகளைச் சில பூஞ்சைகள் உறையிட்டதுபோல் சூழ்ந்து வாழ்கின்றன. மழை முடிந்த நாள்களில் காட்டுத்தரையில் குடை விரிக்கும் காளான்களில் பல இந்தப் பூஞ்சைகளின் கனிகளே. மரம் தான் சமைத்த சர்க்கரையைப் பூஞ்சைக்குத் தருகிறது. பூஞ்சை தன் நுண்ணிழைகளால் மண்ணைத் துழாவி நீரையும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகளையும் மரத்துக்குத் தருகிறது. வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை வேருக்குள்ளே புகுந்து வாழும் வேறொரு வகைப் பூஞ்சையோடு உறவு கொண்டவை. குங்கிலியக் குடும்பம் அவற்றிலிருந்து விலகி நிற்கிறது. பெரிய மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுக்கு இந்தத் துணை பிறந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. பூஞ்சை இல்லாத மண்ணில் விழுந்தால் கன்று திணறும்.

ஆக, இந்த மரம் பயணப்பட மூன்று தேவை: ஈரம், துணைப் பூஞ்சை உள்ள மண், இடையில் அறுபடாத காடு. மூன்றும் சேர்ந்திருந்த இடங்களில் மட்டுமே அது நடந்திருக்கிறது. பத்துக் கோடி ஆண்டு வரலாற்றுக்கு இதுவே திறவுகோல்.

பிறந்த வீடு

போர்னியோவில் மட்டும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 270 இனங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் உலகில் வேறெங்கும் இல்லை. அதனால் குடும்பம் பிறந்த இடம் தென்கிழக்காசியாதான் என்றும், அங்கிருந்து மேற்கே பரவி இந்தியாவுக்கு வந்தது என்றும் நெடுங்காலம் பலர் கருதினார்கள். எங்கே கூட்டம் அதிகமோ அங்கேதான் தொடக்கம் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் கல்லும் மகரந்தமும் வேறு சொல்லின.

லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பன்னாட்டு அறிஞர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் கிடைத்த புதைபடிவ மகரந்தங்களையும், பாறைகளில் எஞ்சிய குங்கிலியப் பிசினின் வேதித் தடயங்களையும், இன்றைய மரங்களின் மரபணுக்களையும் அவர்கள் ஒருசேர வைத்துப் பார்த்தார்கள். அதன்படி இக்குடும்பம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் தோன்றியது. டைனோசர்கள் வாழ்ந்த காலம் அது. இந்தியா அப்போது மடகாஸ்கரோடு ஒட்டிக்கொண்டு தெற்குக் கடலில் இருந்தது.

மடகாஸ்கரிலிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா பிரிந்தது. அந்தத் தீவில் சார்கோலேனேசி என்ற மரக்குடும்பம் இன்றும் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அக்குடும்பம், குங்கிலியக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு. அதன் வேர்களிலும் அதே உறையிடும் பூஞ்சைகள் வாழ்வதை 2004-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டு குடும்பங்களின் பொது முன்னோர், நிலங்கள் பிரிவதற்கு முன்பே பூஞ்சையோடு கைகோத்திருந்தார் என்பது அவர்கள் முடிவு. 2022 ஆய்வோ இந்தியாவுக்கு வந்த வழியை வேறு இடத்தில் காட்டுகிறது. ஆப்பிரிக்காவுக்கும் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கும் இடையே ஓர் எரிமலைத் தீவுத்தொடர் இருந்தது. லடாக், கோஹிஸ்தான் மலைகளில் அதன் எச்சம் இன்றும் தெரிகிறது. தீவு தீவாக அதன் வழியே, 7.2 கோடிக்கும் 6.1 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில், மரங்கள் இந்தியாவை அடைந்தன என்கிறது அந்த ஆய்வு.

பிறந்த வீடான ஆப்பிரிக்காவில் மழைக்காட்டுக் கிளை இன்று இல்லை. அங்கே எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வறண்ட மரக்காடுகளில் வாழும் சிறு மரங்கள். கொலம்பியாவின் அமேசான் பகுதியில் ஓர் உறவினன் இருப்பது 1990-களில்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. ஆப்பிரிக்கா உலர்ந்தபோது அங்கிருந்த ஈரக்காட்டு மரங்கள் மறைந்தன. முன்னதாகவே இந்தியாவில் ஏறிக்கொண்ட கிளைதான் பிழைத்தது.

நிலம் சுமந்த மரம்

இந்தியத் தட்டு அன்று ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் அதிகமான வேகத்தில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. நம் விரல் நகம் வளர்வதைப்போல் நான்கு மடங்கு. கண்டங்கள் நகரும் கணக்கில் இது ஓட்டம். ஓடுகிற வழியில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காண எரிமலைகள் வெடித்தன. இன்றைய மகாராஷ்டிரத்தை மூடிக் கிடக்கும் கரும்பாறை அப்போது வழிந்த குழம்பு. அதே காலத்தில் விண்கல் ஒன்று மெக்சிகோக் கரையில் விழுந்தது. டைனோசர்கள் அழிந்தன. இந்தியாவில் குங்கிலியக் குடும்பம் தப்பியது. அந்தப் பேரழிவுக்கு முன்னும் பின்னும் அதன் மகரந்தம் இந்திய அடுக்குகளில் இருக்கிறது.

அதே காலத்தை ஒட்டி இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிரிந்து இந்தியப் பெருங்கடலில் தங்கிவிட்டது. அதுதான் செஷல்ஸ். அதன் மாஹே தீவில் வட்டேரியாப்சிஸ் என்ற ஒரே ஒரு குங்கிலிய இனம் வாழ்கிறது. கப்பல் கட்டவும் வீடு கட்டவும் வெட்டித் தீர்த்தது போக, முதிர்ந்த மரங்கள் நூற்றுச் சொச்சமே மிஞ்சியுள்ளன. பெருங்கடலைத் தாண்டத் தெரியாத ஒரு மரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீருக்கு நடுவே இருக்கிறது. நிலமே அதைச் சுமந்துகொண்டு போய் அங்கே விட்டது என்பதைவிட எளிய விளக்கம் இதற்கு இல்லை.

இந்தியா நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைப்பட்டைக்குள் நுழைந்தபோது இந்த மரங்களுக்குப் பொற்காலம் தொடங்கியது. வஸ்தான் நிலக்கரி அந்தக் காடுகளின் மக்கு. அங்கே கிடைத்த அம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகைகள் சிக்கியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு விவரித்தது. வேறு பல அம்பர்களைப்போல முழுக்க இறுகிவிடாமல் இருப்பதால், தகுந்த கரைப்பானில் இட்டுக் கரைத்து ஐந்து கோடி ஆண்டு வயதான பூச்சியை முழு உடலோடு வெளியே எடுக்க முடிகிறது. அந்தப் பூச்சிகளின் உறவினர்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தார்கள். இந்தியா தனித்து மிதந்த தீவாக இருந்தாலும் அக்கம்பக்கத்தோடு போக்குவரத்து அறவே அற்றுப்போயிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியது. நிலம் நிலத்தைத் தொட்டது. குங்கிலியக் காடு கிழக்கே நடக்கத் தொடங்கியது.

இங்கேயே தங்கியவர்களின் கதையும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைக் கல்மரப் பூங்காவில், மரம் கல்லாக மாறிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கடலூர் மணற்கல் என்று புவியியலார் சொல்லும் அடுக்கு அது. திருவக்கரையிலிருந்து புதுச்சேரி வரை இந்த வட்டாரத்தில் கிடைத்த கல்மரங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்களில் சி. ஜி. கே. இராமானுஜம் முக்கியமானவர். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கல்மரங்களில் குங்கிலியக் குடும்ப மரங்கள் இருப்பதை 1950-களில் அவர் விவரித்தார். மானாவாரி நிலமும் முந்திரித் தோப்புமாக இருக்கும் செம்மண் மேட்டில் ஒரு காலத்தில் வானளாவிய ஈரக்காடு நின்றது என்பதற்கு அந்தக் கற்கள் சான்று.

இந்தியா மேலும் வடக்கே போனது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்தது. பருவமழை நாலைந்து மாதத்தில் கொட்டி ஓய்ந்துவிடும் தட்பவெப்பம் அமைந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தமிழகச் சமவெளியிலும் ஈரக்காடு கரைந்தது. மரங்கள் பின்வாங்கி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைச்சரிவுகளிலும் இலங்கையின் தென்மேற்கிலும் ஒண்டின. சால் மட்டும் வறட்சியோடும் காட்டுத்தீயோடும் வாழப் பழகி மத்திய, வட இந்தியாவில் பெருங்காடாக நின்றது. புத்தர் இரண்டு சால மரங்களுக்கு நடுவே பரிநிர்வாணம் அடைந்ததாகப் பௌத்த மரபு சொல்லும் மரம் இதுவே. கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் வறட்சி தாங்கும் குங்கிலிய இனங்கள் இருக்கின்றன. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் இந்தக் குடும்பமே மேல்விதானம் அமைக்கிறது. அத்தீவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழ எல்லாமே அங்கு மட்டும் உள்ளவை.

கிழக்கே நடந்த காடு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விதை தாய்மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி விழுகிறது என்றும், அது வளர்ந்து காய்க்க 50 ஆண்டு ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் கடக்க 33 தலைமுறை, அதாவது 1,600 ஆண்டுக்கு மேல். மூவாயிரம் கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு. மனிதக் கணக்கில் நினைத்தே பார்க்க முடியாத காலம். ஐந்து கோடி ஆண்டு கையில் இருக்கும் குடும்பத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. வழியெங்கும் ஈரக்காடு அறுபடாமல் இருந்தால் போதும். 4 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தென்கிழக்காசிய அடுக்குகளில் இந்தியத் தாவரங்களின் மகரந்தம் திரளாக வரத் தொடங்குகிறது. காடு போய்ச் சேர்ந்துவிட்டது.

மியான்மர் வழியாக மலாயா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ். பனியுகங்களில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை இறங்கியபோது போர்னியோ, சுமத்ரா, ஜாவா எல்லாம் மலாயாவோடு ஒரே நிலமாக இருந்தன. அதற்குக் கிழக்கே ஆழ்கடல். அதைத் தாண்டி நியூகினி வரை போனவை சில இனங்களே. ஆஸ்திரேலியாவை ஒன்றும் தொடவில்லை.

வந்த இடத்தில் குடும்பம் பெருகியது. போர்னியோவின் சரவாக் மாநிலத்து லம்பிர் மலைக் காட்டில் 52 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துப் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். ஏறத்தாழ 1,200 மர இனங்கள் உள்ள அந்தத் துண்டில் குங்கிலியக் குடும்பத்தில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். இத்தனை உறவினர்கள் ஒரே காட்டில் எப்படி ஒண்டுகிறார்கள்? மண் ஒரு காரணம். மணல் கலந்த மேட்டில் வளர்வது களிமண் பள்ளத்தில் நிற்பதில்லை. எதிரிகள் இன்னொரு காரணம். தாய்மரத்தின் அடியில் அதற்கே உரிய பூச்சியும் நோயும் குவிந்திருக்கும். அங்கே அதன் கன்று சாகும், வேறு இனத்தின் கன்று பிழைக்கும். யாரும் யாரையும் முழுக்க விரட்டிவிட முடியாத ஏற்பாடு இது.

மூன்றாவது காரணம் காலம். குங்கிலியக் காடு ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கோ, ஐந்து ஆண்டுக்கோ, சில சமயம் பத்து ஆண்டுக்கோ ஒருமுறை, பல நூறு கிலோமீட்டர் பரப்பில் பெரும்பாலான இனங்கள் ஒருசேரப் பூக்கின்றன. எல் நினோ ஆண்டுகளில் வறட்சி வந்து, சில நாள்கள் தொடர்ந்து இரவு வெப்பம் 2 டிகிரி அளவுக்கு இறங்குவது இதைத் தூண்டுகிறது என்று பீட்டர் ஆஷ்டனும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் எழுதினார்கள். மலைத்தேனீக்கள் தொலைவிலிருந்து திரண்டு வருகின்றன. சில இனங்களின் மகரந்தச் சேர்க்கை இன்னும் வியப்பானது. மலேசியாவின் பாசோ காட்டில் எஸ். அப்பனா, எச். டி. சான் இருவரும் மரத்தின் உச்சியில் கவனித்து 1981-இல் வெளியிட்டது இது. மெராந்திப் பூக்களுக்குள் இலைப்பேன்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி. பூக்காத ஆண்டுகளில் அவை சொற்பமாக இருக்கும். பூப்புத் தொடங்கியதும் சில வாரங்களில் பல மடங்கு பெருகும். மாலையில் விரிந்த பூ காலையில் உதிரும்போது பூச்சிகளும் மகரந்தத்தோடு கீழே விழுகின்றன. அந்தியில் மறுபடி மேலேறிப் புதுப் பூவுக்குப் போகின்றன. நெருங்கிய மெராந்தி இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துப் பூக்கின்றன. ஆனால் காய்கள் மட்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முதிர்கின்றன.

அப்படி ஒரே சமயத்தில் முதிர்வதிலும் காரணம் உண்டு. காட்டுப்பன்றியும் கிளியும் வண்டும் தின்று தீர்க்க முடியாத அளவு விதை ஒரே மாதத்தில் தரையில் கொட்டிவிடும். இடைப்பட்ட பஞ்ச ஆண்டுகளில் அந்த விலங்குகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். தின்றது போக மிஞ்சுவது முளைக்கும். டேனியல் ஜான்சன் 1974-இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. தனியாகப் பூக்கும் மரத்தின் விதை முழுதும் தின்னப்பட்டுவிடும். காடு முழுக்கச் சேர்ந்து பூத்தால்தான் ஒவ்வொரு மரத்துக்கும் பிள்ளை உண்டு. போர்னியோவின் சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கில் 2019-இல் 100.8 மீட்டர் என்று அளக்கப்பட்ட ஷோரியா என்ற குங்கிலிய மரம் இந்த ஏற்பாட்டின் பயன். வெப்பமண்டலத்தில் அளக்கப்பட்டவற்றில் அதைவிட உயர்ந்த மரம் அப்போது வேறில்லை.

தேடிப் போன தமிழர்

இந்தியாவிலிருந்து கிழக்கே போன மரத்தை, அதே திசையில் கப்பலேறிப் போய்த் தேடினார்கள் தமிழ் வணிகர்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருசு என்றொரு துறை. அதை ஒட்டிய காடுகளில் டிரையோபலனாப்ஸ் என்ற குங்கிலியக் குடும்ப மரம் வளர்கிறது. முதிர்ந்த சில மரங்களின் வெடிப்புகளுக்குள் வெண்மையான படிகம் உறைந்திருக்கும். அதுதான் பச்சைக்கற்பூரம் என்று பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் மணந்த பொருள். எல்லா மரத்திலும் அது இருக்காது. எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மலாய்க் காட்டுக்குடிகள் கற்பூரம் தேடிப் போகும்போது அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென்றே வைத்திருந்த தனிமொழியில்தான் பேசிக்கொண்டார்கள். இந்தப் பகுதியின் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று மார்கோ போலோ பதிவு செய்திருக்கிறார்.

பாருசுக்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது பொ.ஆ. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, அந்தத் துறைக்கு வரும் கலங்கள் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அதில் வகுத்து வைத்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி 1932-இல் இதை ஆராய்ந்து எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு மீளப் படித்தார். குலோத்துங்கன் சோழ அரியணையில் இருந்த நாளில், ஒரு மரத்தின் வடுவில் உறைந்த படிகத்துக்காகக் கடல் கடந்து, அங்கே தங்கி, தமிழில் கல் நட்டிருக்கிறார்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன குடும்பம் சுமத்ராவில் உயிரோடு மணந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

அறுந்த வழி

பிசினும் கற்பூரமும் தேடிய காலத்தில் காடு காடாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரத்தையே கேட்கும் காலம் வந்தது. சங்கிலி ரம்பமும் புல்டோசரும் வந்தன. முதலில் பிலிப்பைன்ஸ் மொட்டையானது. பிறகு சபா, சரவாக், இந்தோனேசியாவின் கலிமந்தான் என்று வெட்டு நகர்ந்தது. நேராக, கிளையில்லாமல் நாற்பது மீட்டர் உயரும் தண்டு ஒட்டுப்பலகைக்கு ஏற்றது. உலகின் கட்டடங்களுக்குக் கான்கிரீட் வார்ப்புப் பலகையாகவும், கதவாகவும், அறைகலனாகவும் குங்கிலியக் காடு கப்பலேறியது. நம் ஊர் மரக்கடைகளில் மலேசியா சால் என்ற பெயரில் வாசல் நிலைக்கு விற்பதும் இந்தக் குடும்பத்து மரமே. வெட்டிய நிலத்தில் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைத் தோட்டமானது. 1973-க்கும் 2010-க்கும் இடையில் போர்னியோ தன் காட்டில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இழந்தது. கலிமந்தானில் பாதுகாக்கப்பட்டவை என்று வரைபடத்தில் குறித்த தாழ்நிலக் காடுகளிலேயே 1985-க்கும் 2001-க்கும் இடையில் 56 விழுக்காட்டுக்கு மேல் போனது என்று லிசா கர்ரனும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள்.

மிஞ்சிய காட்டுக்கு நேர்ந்தது அதைவிடக் கவலை தருகிறது. மேற்குக் கலிமந்தானின் குனுங் பாலுங் காட்டுக்குள் அன்று யாரும் பெரிதாக வெட்டவில்லை. சுற்றியிருந்த காடு போனது. 1998-இல் பெரும்பூப்பு வந்தபோது, வெளியே உணவில்லாத விலங்குகள் எல்லாம் அந்தத் துண்டுக்குள் குவிந்து விதையைத் தின்றன. வறட்சியும் சேர்ந்துகொண்டது. புதுக் கன்றுகள் ஏறத்தாழ எழவே இல்லை. பல நூறு கிலோமீட்டர்க் காடு ஒன்றாகப் பூத்து எதிரியை வென்ற உத்தி, காடு துண்டுபட்டதும் தோற்றுவிட்டது. நிற்கும் மரங்களைப் பார்த்தால் காடு நலமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பிள்ளை இல்லாத காடு அது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே வடு இருக்கிறது. வெள்ளைக் குங்கிலியமும் எண்ணெய் மரமும் கடந்த நூற்றாண்டில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக வெட்டப்பட்டன. அம்மலையின் தாழ்சரிவுகளுக்கே உரிய ஓர் எண்ணெய் மர இனம், டிப்டெரோகார்பஸ் போர்டில்லோனி, அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. இதற்கு மாறான ஒரு காட்சி உத்தர கன்னட மாவட்டத்தின் ஹொன்னாவருக்கு அருகே இருக்கிறது. கரிகானம்மன் கோயிலைச் சூழ்ந்த காட்டில் எண்ணெய் மரம் இன்றும் நிற்கிறது. அந்த மரம் இயல்பாக வளரும் வடகோடி அதுவே. அம்மன் காட்டில் கோடரி வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு காத்த மரங்கள் அவை. அந்த மக்கள் காத்தது ஒரு மரத்தை மட்டுமன்று. அடியில் இருந்த மண்ணை, பூஞ்சையை, நிழலை, ஈரத்தைச் சேர்த்தே காத்தார்கள். அதனால்தான் மரம் பிழைத்தது.

இனிப் பயணம் நம் கையில்

புவி வெப்பமாகிறது, மழையின் போக்கு மாறுகிறது. பத்துக் கோடி ஆண்டில் பல முறை செய்ததுபோல இந்த மரங்கள் மறுபடி இடம்மாற வேண்டியிருக்கும். கிலோமீட்டருக்கு 1,600 ஆண்டு என்ற நடை இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்காது. ஈடுகொடுத்தாலும் வழியில் எண்ணெய்ப்பனையும் நெடுஞ்சாலையும் குறுக்கே நிற்கின்றன. காட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பதும், உயரம் குறைந்த சரிவிலிருந்து மலைமுகடு வரை காடு தொடர்ச்சியாக இருக்க விடுவதும், இந்தக் குடும்பத்துக்கு எவரும் செய்யக்கூடிய முதல் உதவி.

அடுத்தது நடுவது. சபாவின் மலுவா காட்டில், வெட்டுக்கு உள்ளான 500 ஹெக்டேர் நிலத்தில் 2002-இல் தொடங்கிய ஒரு பெரிய சோதனை நமக்கு வழி சொல்கிறது. சில துண்டுகளில் ஒரே குங்கிலிய இனத்தை நட்டார்கள், சிலவற்றில் நான்கை, சிலவற்றில் பதினாறை. பல இனங்களைக் கலந்து நட்ட இடங்களில் காடு வேகமாக மீண்டது என்று 2023-இல் முடிவு வெளியானது. மண்ணாலும் நிழலாலும் காலத்தாலும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு வாழ இந்த இனங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கற்றிருக்கின்றன. அந்தப் பன்மையோடு நட்டால்தான் காடு காடாகும். வரிசையாக ஒரே மரத்தை நட்டுக் கணக்குக் காட்டுவது காடு வளர்ப்பாகாது.

நட வேண்டுமென்றால் விதை வேண்டும். அங்கேதான் இந்த மரத்தின் இயல்பு நம்மைக் கட்டுகிறது. நெல்லையும் கோதுமையையும் பனிக்குகைக்குள் உறையவைத்து நூற்றாண்டுக்குச் சேமிக்க முடிகிறது. குங்கிலிய விதையை எந்தக் குளிர்பெட்டியிலும் அப்படி வைக்க முடியாது. பெரும்பூப்பு வருகிற ஆண்டில், விழுந்த சில நாள்களுக்குள் பொறுக்கி, ஈரம் காயாமல் நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். தவறவிட்டால் அடுத்த பூப்பு ஐந்து ஆண்டிலா பத்து ஆண்டிலா என்று யாருக்கும் தெரியாது. தாய்மரம் வெட்டப்பட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கண்டம் பிரிந்ததையும் எரிமலை வெடித்ததையும் தாண்டி வந்த இந்தப் பரம்பரைக்கு, உயிரோடு நிற்கும் காட்டைத் தவிர வேறு களஞ்சியம் கிடையாது. சிங்கராஜக் காடும் டானும் பள்ளத்தாக்கும் கரிகானம்மன் காடும் அதனால்தான் வெட்டாமல் நிற்க வேண்டும்.